ஜெசிந்தாவின் ரத்தம் கோயம்புத்தூரில்

போலீஸ்காரர்கள் தன்னைத் தேடி வந்திருப்பதாக யாரோ கதவைத் திறந்து சொன்னபோது, ஜெசிந்தா வாஸ் ஒரு சரக்குப் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் இப்போதெல்லாம் கிரேன் ஓட்டுகிறவர்கள் மேலே ஏறுவதில்லை. அலுவலகக் கட்டடத்தின் ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால், தூரத்தில் கடலோரமாக நிற்கும் கிரேன் சொன்னபடி கேட்கும்.

"இத எறக்கி வெச்சிட்டு வாறேன். தொங்க விட்டுட்டு வந்தா அதுக்கு வேற தனியா கேஸ் போடுவீங்க" என்றாள் அவள் திரும்பாமல்.

வந்தவர்கள் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் காவலரும். பெட்டி தரையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் நின்றிருந்த காரின் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த முதியவர் ஒருவரைக் கடத்த முயன்றதாக அவள்மேல் வழக்கு.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோயம்புத்தூரா? நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே சார்."

"நீங்க போனீங்களோ போகலையோ, உங்க ரத்தம் போயிருக்கு மேடம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. அந்த வார்த்தைக்கு மேல் பேச்சில்லை என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ரத்த எண் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, அதிலுள்ள மரபணுவைப் படித்து, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டார்கள். பேருந்துக்கும் வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் அந்த எண்தான். குற்றம் நடந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடைத்தால் போதும், சாயங்காலத்துக்குள் பெயரும் முகவரியும் வந்துவிடும். அதனால் நன்மை இல்லாமல் இல்லை. செய்யாத குற்றத்துக்காக உள்ளே கிடந்த எத்தனையோ பேரை அந்த ஒரு சொட்டு வெளியே கொண்டுவந்தது. பெண்கள் தைரியமாகப் புகார் கொடுத்தார்கள். ஆனால் நாளாக ஆக ஒரு பழக்கம் படிந்தது. ரத்தம் பெயர் சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. மரபணு வழக்குகளுக்கென்று விரைவு அமர்வுகள் வந்தன. அங்கே சாட்சிக் கூண்டே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தாய் என்று கேட்டால், ஜெசிந்தாவிடம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கணவன் லூர்து கப்பல் வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தான். அவள் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனைப் போட்டுப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள். தூக்கத்துக்கு யார் சாட்சி?

*

கோயம்புத்தூர்க் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது, சாப்பிட்டாளா என்பதைத்தான். இட்லி வரவழைத்துக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உருவம், சோம்பலான கண்கள்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்லையா சார்?" என்றாள் ஜெசிந்தா, கை கழுவிவிட்டு வந்து.

"கேக்கறதுக்கு என்னுங்க இருக்குது? கண்ணாடியில ரத்தம் உங்களுது. திங்கட்கிழமை அமர்வு. அங்க ஜட்ஜம்மா சொல்லிப்போடுவாங்க. ஏழு வருசம் வருமுங்க, நல்லபடியா நடந்துக்கிட்டா அஞ்சு." மழை வருமா வராதா என்பது போன்ற குரலில் சொன்னார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "உங்ககூட வந்தது யாருன்னு மட்டும் சொல்லிப்போட்டீங்கன்னா எனக்கு ஒரு வேலை குறையும்."

"யாரு வந்தா?"

"கதவுக் கைப்பிடியில வேர்வை இருந்துச்சுங்க. அது உங்களுது இல்ல. வேற ஒரு பொம்பளையோடது. ரத்த எண் பதிவகத்துல தேடினா அப்படி ஒரு ஆளே நாட்டுல இல்லைன்னு வருது."

"இல்லாத ஆளு எப்படி சார் வேர்க்கும்?"

சென்னியப்பன் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

*

சட்ட உதவி மையத்திலிருந்து வந்த வழக்கறிஞர் நூருன்னிசாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வந்து உட்கார்ந்ததும் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். ரத்தம் ஒருவருடையது, வேர்வை இன்னொருவருடையது என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"அக்கா, ரெண்டு பேரு வந்து, ஒருத்தர் கதவைத் தொட்டு, இன்னொருத்தர் கண்ணாடியை உடைச்சிருந்தா, ரெண்டு பேரோட வேர்வையும் இருந்திருக்கணுமே. உங்க வேர்வை ஒரு பொட்டுகூட இல்லை. அவங்க ரத்தம் ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கு இது ஒரே ஆளுன்னுதான் தோணுது."

"ஒரே ஆளுக்கு எப்படிம்மா ரெண்டு?"

நூருன்னிசா அறிக்கையை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நீங்க எப்பவாவது யாருக்காவது எலும்பு மஜ்ஜை குடுத்திருக்கீங்களா?"

ஜெசிந்தா அவளையே பார்த்தாள்.

கொடுத்திருக்கிறாள். பதினைந்து வருடங்களுக்கு முன்னால். கல்லூரியில் ஒரு முகாம் நடந்தது. வகுப்பைக் கட் அடிக்கலாம் என்றுதான் போய்ப் பெயர் கொடுத்தாள். படிப்பு முடிந்து, வேலைக்கும் சேர்ந்த பிறகு மதுரையிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு நோயாளிக்கு உங்களுடையது பொருந்துகிறது, வருவீர்களா என்று கேட்டார்கள். வீட்டில் அம்மா அழுது புரண்டாள். ஜெசிந்தா போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று சொல்லக்கூடாதாம், அது விதி. ஒரு நர்ஸ் மட்டும், "சின்னப் பொம்பளப் பிள்ளைக்குத்தான்" என்று போகிற போக்கில் சொன்னாள். ஒரு வருடம் கழித்து, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்க மருத்துவமனையை அழைத்தாள். சொல்ல முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதில் நல்லதாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நவம்பர் மாதம் மாதா கோயிலுக்குப் போகும்போது ஒரு மெழுகுவர்த்தி அதிகமாக ஏற்றுவாள். இருக்கிறவளுக்கா, போனவளுக்கா என்று தெரியாமலே ஏற்றுவாள்.

"மஜ்ஜைதான் ரத்தம் தயார் பண்ற பட்டறை" என்று நூருன்னிசா சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளையோட பட்டறை கெட்டுப்போச்சு. நீங்க உங்க பட்டறையையே பிச்சுக் குடுத்தீங்க. அதுல இருந்து அவ உடம்புல ஓடற ரத்தம் பூராவும் உங்க மரபணுதான். தோல், முடி எல்லாம் அவளோடது. பதிவகம் விரலைக் குத்தி ரத்தத்தைத்தானே எடுக்குது? அதனாலதான் அவ ரத்தம் உங்க பேரைச் சொல்லுது, அவ வேர்வை யாருமே இல்லைன்னு சொல்லுது. புரியுதாக்கா?"

"அப்போ அந்தப் பிள்ள இருக்கா?"

"அக்கா, நான் சொல்றது என்னன்னா, இந்த வழக்கு..."

"பொழைச்சிட்டாளா?" ஜெசிந்தாவின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் சிரித்தது. "பொழைச்சு, வளந்து, கார் கண்ணாடிய உடைக்கிற அளவுக்குத் தெம்பா இருக்கா. ஏ மாதாவே. கார் கண்ணாடி லேசா உடையுமா? நல்லா சாப்பிடுதா போலிருக்கு."

தன் கட்சிக்காரர் ஆள் கடத்தல் வழக்கில் இவ்வளவு சந்தோஷப்படுவதை நூருன்னிசா அதுவரை பார்த்ததில்லை. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"சரிக்கா. இப்போ விஷயத்துக்கு வருவோம். திங்கட்கிழமை நான் மஜ்ஜை தானத்தைச் சொல்றேன். மருத்துவமனையில இருந்து அவ பேரைத் தரச் சொல்லி உத்தரவு வாங்கறேன். அவளைப் பிடிச்சிட்டு உங்களை விட்டுருவாங்க. அன்னைக்கே நீங்க ரயில் ஏறிடலாம்."

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அவளுக்கு ஏழு வருசமா?"

"அவ செஞ்சிருந்தா, ஆமா."

"செஞ்சிருந்தாளான்னு யாரு பாத்தா? ரத்தம் அவளுதுன்னு தெரியும். அவ அங்க என்ன செஞ்சான்னு ரத்தமா சொல்லும்?"

"அதை அமர்வுல கேக்க மாட்டாங்க அக்கா. அதுதான் இப்போ சட்டம்."

"அப்போ நான் சொல்லலை. நீங்களும் சொல்லாதீங்க. அவ என்ன செஞ்சான்னு தெரியட்டும், அதுக்கப்புறம் பாப்போம்."

அன்று மாலை லூர்து போனில் கத்தினான். உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா என்றான். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக நீ ஏன் உள்ளே கிடக்க வேண்டும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை; அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. வேலை போய்விடும். ஏழு வருடங்கள் கழித்து வெளியே வந்தால் கிரேன் கைப்பிடியைப் பிடிக்கவே மறந்துபோயிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையைப் பிழைக்க வைத்துவிட்டு, இப்போது அவள் கையைப் பிடித்துப் போலீஸிடம் கொடுக்க மனம் வரவில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றாள் கணவனிடம். "அதுக்குள்ள ஏதாவது பண்ணுதேன்."

*

மறுநாள் காலையில் அவள் சென்னியப்பனைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"சார், காருக்குள்ள ஒரு பெரியவர் இருந்தார்லா, அவர்கிட்ட நீங்க பேசுனீங்களா?"

"அவரு ஆஸ்பத்திரியில இருந்து அன்னைக்கே வீட்டுக்குப் போயிட்டாருங்க. நல்லாத்தான் இருக்காரு."

"அதை நான் கேக்கல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

சென்னியப்பன் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். புகாரைக் கொடுத்தது அந்தக் கார்தான். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார்களுக்குத் தாங்களே புகார் அனுப்பும் வசதி உண்டு. கண்ணாடி உடைந்தது, உள்ளே இருந்த ஆள் வெளியே இழுக்கப்பட்டார் என்று கார் தகவல் அனுப்பியது. ஆளை எடுக்க யாருக்காவது அனுமதி கொடுத்தீர்களா என்று உரிமையாளரைக் கேட்டது. அவர் இல்லை என்று அழுத்தினார். கடத்தல் முயற்சி என்று வழக்கு தானாகவே பதிவாகிவிட்டது. போலீஸ் செய்தது, கண்ணாடியில் இருந்த ரத்தத்தை எடுத்து அனுப்பியது மட்டும்தான்.

"கேக்கலீங்க" என்றார் கடைசியில். "கேக்க வேண்டிய அவசியம் வரலை."

"கேக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"கேக்கக்கூடாதுன்னு இல்லீங்க. கேக்க வேண்டாம்னுதான் இருக்குது."

"அப்போ எனக்காக ஒரு வாட்டி கேளுங்க சார். என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான்தான் கடத்த வந்தேனான்னு அவர் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அவர் ஆமான்னு சொன்னா நான் ஏழு வருசம் இருந்துட்டுப் போறேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பழைய காலத்தில், இந்த எண்ணெல்லாம் வருவதற்கு முன்னால், ஊர் ஊராகப் போய் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிடுவதில் சென்னியப்பன் பெயர் எடுத்தவர். இது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. அவள் பார்த்தது, திரும்பி வந்தபோது அவர் கண்களில் சோம்பல் இல்லை என்பதைத்தான்.

"நடங்க அம்மணி" என்றார். "வக்கீலம்மாவையும் வரச் சொல்லுங்க."

*

பெரியவர் ஆறுச்சாமி சின்னியம்பாளையத்தில் மகன் வீட்டில் இருந்தார். நாற்பது வருடங்கள் லாரி ஓட்டிய மனிதர். தோள் இன்னும் அகலமாக இருந்தது. மகன் பிரபாகர் கதவைத் திறந்தான். போலீஸைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க சார். வெயில்ல மயங்கிட்டாரு" என்றான் வாசலை மறித்தபடி.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருக்கடா ஞாபகம் இல்ல? அவிங்கள உள்ள வரச் சொல்லு."

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் பெரியவரின் முழங்காலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். முதலில் வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தெந்தப் பக்கம் லாரி ஓட்டினீர்கள், சேலம் தாண்டி அந்தப் பழைய கொண்டை ஊசி வளைவெல்லாம் உண்டா என்று கொஞ்ச தூரம் போனார். பெரியவர் உற்சாகமாகிவிட்டார். பிறகுதான் ஜெசிந்தாவைக் காட்டி, "அன்னைக்கு உங்களைக் காருல இருந்து இழுத்தது இவங்களான்னு பாருங்க" என்றார்.

ஆறுச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவிங்க இல்லீங்க. அது சின்னப் புள்ள. இருபது, இருபத்திரண்டு இருக்கும். ஒல்லியா, மூக்குத்தி போட்டுக்கிட்டு."

ஜெசிந்தா அதை மனதுக்குள் எழுதிக்கொண்டாள்: மூக்குத்தி போட்டிருக்கிறாள்.

"என்ன பண்ணுச்சுங்க அந்தப் புள்ள?"

"என்ன பண்ணுச்சா? என் உசுரக் காப்பாத்துச்சு." பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவனும் மருமவளும் துணி எடுக்க உள்ள போனாங்க. நான் பின்சீட்டுல தூங்கிட்டேன். அந்த வண்டி இருக்குதே, அதுக்கு அறிவு கிடையாது, ஹாரன் அடிக்கக்கூடத் தெரியாது. கீழ இடமில்லைன்னு தானாப் போயி மொட்டை மாடியில வெயில்ல நின்னுக்கிச்சு. ஏசியும் அணைஞ்சு போச்சு. எந்திரிச்சுப் பார்த்தா மூச்சு முட்டுது, கதவு தெறக்க மாட்டேங்குது. கத்தினேன், தட்டினேன். அந்தப் புள்ள பக்கத்துல நெழல்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்துச்சு போல, ஓடி வந்துச்சு. கதவைப் புடிச்சு இழுக்குது. வண்டி என்ன சொல்லுச்சுங்கறீங்க? உள்ளே யாருமில்லை, தயவுசெய்து விலகி நிற்கவும்னு சொல்லுது. நான் உள்ள உக்காந்துக்கிட்டு அதக் கேக்கறேன்."

நூருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள எவர்சில்வர் டிபன் பாக்ஸத் தூக்கிக் கண்ணாடிய ரெண்டு போடு போட்டுச்சு. உடைஞ்ச பொறவுதான் நான் உள்ள இருக்கறதே வண்டிக்குத் தெரிஞ்சுது. கையெல்லாம் ரத்தம். அதைக் கவனிக்கவே இல்ல. என்னைத் தாங்கிக் கொண்டுபோயி நெழல்ல படுக்க வெச்சு, துப்பட்டாவ நனைச்சுத் தலையில போட்டுச்சு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும், நான் போறேன் தாத்தா, என் விரலை மெஷின்ல வெக்கச் சொல்வாங்கன்னுட்டு ஓடிப்போச்சு. பேருகூடக் கேக்கல நான்." சென்னியப்பனைப் பார்த்துச் சொன்னார். "யாராச்சும் வந்து கேப்பீங்கன்னு தெனமும் சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரலை."

பிரபாகர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை, அவனாகவே பேசினான்.

"அப்பா உள்ள இருக்காருங்கறதே மறந்துபோச்சு சார். பெரியவங்கள அப்படி விட்டுட்டுப் போனா ஜெயில்னு சட்டம் இருக்குது. கார் கேட்டப்போ, நான் விட்டுட்டுப் போனதைச் சொல்லப் பயந்து இல்லைன்னு மட்டும் அழுத்திட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியலை." பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "உங்களைப் புடிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து ஒரு வாய் சோறு எறங்கலீங்க."

"அப்போ வந்து சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் ஜெசிந்தா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அந்தளவுக்குக் கோபம் வரவில்லை.

*

நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது உள்ளே ஏதோ வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. காவலர் ஒருவர் விரல் குத்தும் கருவியை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். அவருக்கு எதிரே ஒரு பெண் நின்றாள். ஒல்லி. மூக்குத்தி. இடது முன்கையில் பெரிய கட்டு.

"சார், இந்தப் பொண்ணு சரணடையணும்னு வந்து நிக்குதுங்க" என்று காவலர் சென்னியப்பனிடம் முறையிட்டார். "மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. இவர் ஏற்கெனவே காவலில் இருக்கிறார்னு சொல்லுது."

"அதான் சார் நானும் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண். "காலையில பஸ்ல ஏறினா, நீங்கள் காவலில் உள்ளீர்கள், பயணம் செய்ய அனுமதி இல்லைன்னு கதவு மூடிக்குச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. என் நம்பர் இன்னொருத்தரோடது. எனக்குப் பதிலா அவங்களப் புடிச்சிட்டீங்க. கண்ணாடிய உடைச்சது நான்தான். அவங்கள விட்டுருங்க."

அவள் பெயர் நறுமுகை. அந்த வணிக வளாகத்திலேயே ஒரு துணிக்கடையில் வேலை. ரத்த எண் கொடுக்க விரலைக் குத்தியபோதே, இவர் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டவர் என்று கருவி சொல்லியிருக்கிறது. மஜ்ஜை மாற்றியதை அவளுடைய அம்மா எடுத்துச் சொன்னாள். அங்கிருந்த ஊழியருக்கு அதைக் கேட்க நேரமில்லை. அதே எண்ணில் இன்னோர் அட்டையை அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஏதாவது கருவியைப் பார்த்தாலே அவளுக்குப் பயம்தான். என்றைக்காவது ஒருநாள், நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். எத்தனையோ முறை அந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள்தான். இப்போது வாயில் வந்தது வேறு.

"கணக்குல ரெண்டு வாட்டி அரியர் வெச்சது நீதானா?"

நறுமுகை திரும்பினாள்.

"பல்கலைக்கழகத்துல இருந்து எனக்கு ரிசல்ட் அனுப்பிட்டே இருந்தாங்க" என்றாள் ஜெசிந்தா. "கணிதம், தேர்ச்சி இல்லைன்னு. எவளோ ஒருத்தி படிக்காம சுத்துதான்னு அழிச்சிட்டு இருந்தேன். மூணாவது வாட்டி தேர்ச்சின்னு வந்தப்போ ஏனோ சந்தோசமா இருந்துச்சு."

புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் கோணியது, ஆனால் அழவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "எனக்கு நாப்பது வயசு நெருங்கறவங்களுக்கான கண் பரிசோதனைக்கு வாங்கன்னு வந்துட்டே இருக்குதுங்க்கா" என்றாள்.

"எனக்கு இன்னும் நாப்பது ஆகல" என்றாள் ஜெசிந்தா. அருகே போய் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஆழமா வெட்டிருச்சா? ஆறுதா?"

"சீக்கிரமா ஆறுதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"ஆறும். எனக்கும் அப்படித்தான், புண்ணு சட்டுனு ஆறிரும்" என்றாள் ஜெசிந்தா. தன் வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்வதைப் போல அதில் ஒரு பெருமை இருந்தது.

சென்னியப்பன் கருவியைக் காவலரின் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்து மூடினார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காரு கண்ணு. ஆரம்பத்துல இருந்து சொல்லு. அவசரமே இல்ல" என்றார்.

*

திங்கட்கிழமை விரைவு அமர்வு விரைவாக முடியவில்லை. நீதிபதி அறிக்கையைப் பார்த்து, மரபணு பொருந்துகிறதே, இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் தொடங்கினார். நூருன்னிசா இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மேடம், உங்க கணினிப்படி இது ஒரே ஆளு" என்றாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஆறுச்சாமி சாட்சி சொல்ல வந்திருந்தார். அவரை நிறுத்தக் கூண்டு இல்லாததால் நீதிபதியின் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டார்கள். அவர் நிதானமாக, சேலத்துக் கொண்டை ஊசி வளைவிலிருந்து ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. அந்த அறையில் ஒரு மனிதர் நடந்ததைச் சொல்லக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

வழக்கு தள்ளுபடியானது. நறுமுகைக்கு அவளுடைய கன்னத்தின் உட்தோலிலிருந்து தனி எண் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பிரபாகருக்கு அபராதமும், முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று மாதம் வேலையும். அதைவிடப் பெரிய தண்டனையை ஆறுச்சாமி கொடுத்தார்: அந்தக் காரை விற்கும் வரை தான் அவனோடு எங்கேயும் வரப்போவதில்லை என்றார். ரத்தம் பொருந்தினாலும் சம்பவத்தைக் கண்ட ஆள் இருந்தால் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்று நீதிபதி தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அது சட்டமாவதற்கு இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும் என்றாள் நூருன்னிசா. சென்னியப்பன் அதற்குக் காத்திருக்கவில்லை. முடிந்துபோன சில வழக்குகளை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி பேச வேண்டியவர்களைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

ராத்திரி ரயிலுக்கு நேரமிருந்தது. லூர்து கொச்சியிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தான். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில் ஜெசிந்தாவும் நறுமுகையும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நீதிமன்றத்தில் இருந்தபோது நிறையப் பேச வேண்டும்போல் இருந்தது. இப்போது எங்கே தொடங்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை. உதவிக்கு வந்தவர் சர்வர்தான்.

"இன்னைக்கு ஸ்பெஷல் இறால் தொக்குங்க. ரெண்டு வெச்சரட்டுங்களா?"

"இறால் வேண்டாம்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

சர்வர் போன பிறகு ஜெசிந்தா விளக்கம் சொன்னாள். "எனக்கு ஆகாது. ஒரு துண்டு பட்டாலும் உதடு வீங்கிரும், உடம்பெல்லாம் தடிச்சிரும். தூத்துக்குடில பொறந்து இறால் சாப்பிடாதவ நான் ஒருத்திதான். எங்க வீட்டுல இன்னும் கேலி பண்ணுவாங்க. உனக்கு என்ன, பிடிக்காதா?"

"ரொம்பப் புடிக்குங்க்கா. சின்ன வயசுல அம்மா இறால் செஞ்சா சட்டியோட தூக்கிட்டுப் போயிருவேனாம்." நறுமுகை தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஆஸ்பத்திரில இருந்து வந்த பிறகுதான் ஒத்துக்கலை. மொத வாய் வெச்சதுமே உதடு வீங்கிப்போச்சு. டாக்டருக்குக்கூட ஏன்னு..."

பாதியில் நிறுத்தினாள். தலையைத் தூக்கி ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நறுமுகை பதறி எழப்போனாள். சிரிக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றாள் ஜெசிந்தா, மூச்சு வாங்கியபடி. "நல்லதா நாலு விசயம் எங்கிட்ட இருந்துச்சு, என் மஜ்ஜை அதுல ஒண்ணக் குடுத்திருக்கக்கூடாதா?"

"பரவால்லைங்க்கா" என்றாள் நறுமுகை. அவளுக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

சர்வர் இரண்டு தயிர் சாதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் அக்கா தங்கையாக இருக்குமா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.